எலிசபெத் சோபெக்

எலிசபெத் சோபெக், 'ஹொரைசன் ஜீரோ டான்' என்ற அறிபுனை வீடியோ கேமின் முன்கதையில் வரும் அமெரிக்க ரோபோ விஞ்ஞானி. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் உள்ள கெரில்லா கேம்ஸ் உருவாக்கிய இந்த ஆட்டத்தை, சோனி நிறுவனம் 2017 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 4-க்கு வெளியிட்டது. கதை நடப்பது 3040-இல். சோபெக் இறந்தது 2066-இல். ஆக, ஆடுபவர் அவரை உயிரோடு ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை. இடிந்த ஆய்வகங்களில் மிஞ்சிய ஒலிப்பதிவுகள், கடிதங்கள், பாதி சிதைந்த ஹோலோகிராம் காட்சிகள் ஆகியவற்றைப் பொறுக்கிச் சேர்த்துத்தான் அவர் யார் என்று அறிய வேண்டும். தொல்லியலாளர் பானை ஓடுகளை ஒட்டுவதற்கு நிகரான வேலை அது. அப்படியிருந்தும், இந்த ஆட்டத்தின் மையம் எது என்று கேட்டால் கண்ணெதிரே பாய்ந்து வரும் இயந்திர விலங்குகளைக் காட்டிலும் இந்த இல்லாத பெண்ணைத்தான் சொல்ல வேண்டும்.

கதைப்படி சோபெக் 2020-இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், கார்சன் சிட்டியில் பிறந்தார். தாய் மிரியம். ஆறு வயதில் மின்னணுக் கருவிகளோடு விளையாடும்போது தீப்பற்றி, வீட்டருகே இருந்த பைன் மரம் எரிந்து, கூட்டிலிருந்த குஞ்சுகள் கருகின. தாய் அவரை அந்தக் குஞ்சுகளைப் பார்க்கவைத்தார். அக்கறையில்லாத புத்திசாலித்தனத்தால் யாருக்கும் பயனில்லை என்று புரியவைத்தார். பல ஆண்டுகள் கழித்து, தான் உருவாக்கிய செயற்கை நுண்ணறிவிடம் சோபெக்கே சொல்லும் கதை இது. தன் சொந்த நிறுவனத்துக்கு அவர் வைத்த பெயரும் மிரியம் டெக்னாலஜீஸ்தான்.

அதற்கு முன் அவர் டெட் ஃபாரோ என்ற தொழிலதிபரின் ஃபாரோ ஆட்டோமேட்டட் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தில் முதன்மை விஞ்ஞானியாக இருந்தார். பருவநிலைச் சீர்கேட்டால் நொடிந்த பூமியைத் தேற்றியெடுத்த பசுமை ரோபோக்கள் அங்கே அவர் கையில் உருவானவை. அந்த நிறுவனம் போர் ரோபோக்களின் பக்கம் திரும்பியதும் விலகிவிட்டார்.

2064-இல் ஃபாரோ அவரை மீண்டும் அழைத்தபோது கதை கைமீறிப் போயிருந்தது. நிறுவனம் விற்ற போர் ரோபோக் கூட்டம் ஒன்று கட்டளைக்குப் பணிய மறுத்தது. அவற்றுக்கு மூன்று வரங்களைக் கொடுத்திருந்தார்கள்: தம்மைத் தாமே பெருக்கிக்கொள்ளலாம், எதிரியின் இயந்திரங்களை வசப்படுத்தலாம், எரிபொருள் தீர்ந்தால் மரம், செடி, உடல் என எந்த உயிர்ப்பொருளையும் எரித்து ஓடலாம். சங்கேதப் பூட்டை உடைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். பின்வாசல் எதுவும் வைக்கவில்லை. அதையே விற்பனைப் பெருமையாகவும் சொல்லிவந்தார்கள். சோபெக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பூமியில் உயிர் மிச்சமிருக்கப்போவது ஒன்றரை ஆண்டுக்கும் குறைவு.

இந்தக் கற்பனை வானத்திலிருந்து குதித்ததில்லை. தாவரப் பொருளை எரித்து ஓடும் ராணுவ ரோபோ ஒன்றுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தார்ப்பா அமைப்பு நிதி தந்திருந்தது. அது பிணம் தின்னும் என்று 2009-இல் செய்தி பரவ, உருவாக்கிய நிறுவனங்கள் அது சைவம்தான் என்று மறுப்பு அறிக்கை விட வேண்டியதாயிற்று. தம்மைப் பெருக்கிக்கொள்ளும் இயந்திரங்கள் உலகைத் தின்று தீர்க்கும் என்ற அச்சத்தை எரிக் டிரெக்ஸ்லர் 1986-இலேயே எழுதிவிட்டார்.

இனிச் செய்வதற்கு என்ன இருக்கிறது என்ற இடத்தில்தான் சோபெக் மற்ற அறிபுனை விஞ்ஞானிகளிடமிருந்து விலகுகிறார். வழக்கமான கதையில் விஞ்ஞானி கடைசி நிமிடத்தில் ஒரு மந்திரக் கருவியோடு ஓடி வருவார். சோபெக், தோல்வி உறுதி என்பதை முதல் நாளே ஒப்புக்கொண்டுவிட்டு, தோல்விக்குப் பின் என்ன என்று யோசிக்கிறார். இருப்பவர்களைக் காப்பாற்ற முடியாது. விதைகளையும் கருக்களையும் நிலத்தடியில் பூட்டிவைத்து, எல்லாம் அழிந்தபின் பூமியை மறுபடி உயிர்ப்பிக்கலாம். பஞ்சத்திலும் விதைநெல்லில் கைவைக்காத குடியானவரின் கணக்கு அது. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-இல் திறக்கப்பட்ட உலக விதைக் காப்பகம் நினைவுக்கு வரலாம்; ஆனால் அங்கே விதையை எடுத்து விதைக்க மனிதர் இருப்பார் என்ற நம்பிக்கை உண்டு.

ஜீரோ டான் என்ற அந்தத் திட்டத்துக்கு ஃபாரோவின் பணம் தேவைப்பட்டது. உண்மையை ஊரறியச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டித்தான் சோபெக் அதைக் கறந்தார். திட்டத்தின் மூளை கையா என்ற செயற்கை நுண்ணறிவு. பூமி தன்னைத்தானே சமன்செய்துகொள்ளும் ஓர் அமைப்பு என்ற ஜேம்ஸ் லவ்லாக்கின் கருதுகோளுக்கும் இதே பெயர்தான். கையாவின் கீழே கடவுளர் பெயர் தாங்கிய 9 துணை நிரல்கள். மினர்வா பூட்டை உடைத்து ரோபோக் கூட்டத்தை அணைக்கும். ஹெஃபைஸ்டஸ் இயந்திரங்களை வார்க்கும். ஈதர் காற்றையும் பொசைடன் நீரையும் சுத்தம் செய்யும். டிமீட்டருக்குச் செடிகொடி, ஆர்ட்டெமிஸுக்கு விலங்கு, எலூதியாவுக்கு மனிதக் கரு. அப்போலோ மனிதகுலத்தின் மொத்த அறிவுக் களஞ்சியம். ஹேடீஸின் வேலை விசித்திரமானது: முயற்சி பிசகினால் எல்லாவற்றையும் அழித்து, கையா மறுபடி முதலிலிருந்து தொடங்க வழிவிடுவது. (கிரேக்கப் பெயர்களின் நடுவே மினர்வா மட்டும் எப்படியோ ரோமிலிருந்து வந்து சேர்ந்துவிட்டாள்.) தான் படைத்த ஒன்றுக்குள்ளேயே அதன் தோல்விக்கும் ஓர் இடம் ஒதுக்குவது நல்ல பொறியாளரின் பழக்கம். அந்த இடமே பிறகு வினையாகிறது என்பது கதாசிரியர்களின் குறும்பு.

சோபெக்கைப் புனிதராக்க விடாமல் தடுப்பது 'நீடித்த வெற்றி நடவடிக்கை'. திட்டத்தை முடிக்க அவகாசம் வேண்டும்; அதற்கு யாராவது ரோபோக்களை எதிர்த்து நின்று சாக வேண்டும். ஆகவே, ஜீரோ டான் என்பது எதிரியை வீழ்த்தப்போகும் பெரும் ஆயுதம், அதுவரை தாக்குப்பிடித்தால் போதும் என்று ராணுவம் உலகுக்குச் சொன்னது. மக்கள் துப்பாக்கி ஏந்தினார்கள், மடிந்தார்கள். இந்தப் பொய்யை நடத்திய ஜெனரல் ஆரன் ஹெரெஸ் பின்னாளில் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு பேசிய பதிவு ஆட்டத்தில் உண்டு. திட்டத்துக்கு அழைத்துவரப்பட்ட நிபுணர்களிலும், சேர மறுத்தவர்களுக்கு மிச்சமிருந்த வழிகள் இரண்டே: காவலில் இருப்பது, அல்லது வலியில்லா மரணம். சோபெக் இதற்கெல்லாம் உடந்தை. அவர் செய்தது சரியா என்று ஆட்டம் தீர்ப்பு எழுதுவதில்லை. எழுதாமல் விட்டது நல்லது.

அவருடைய மரணம் ஆரவாரமற்றது. கையா பிரைம் என்ற மலைத்தளத்தின் கதவு ஒன்று சரியாக மூடவில்லை. அதிலிருந்து கசியும் தடயத்தை ரோபோக்கள் மோப்பம் பிடித்துவிடும். வெளியே நின்றுதான் மூட முடியும். மூடியவர் உள்ளே திரும்ப முடியாது. மற்றவர்களிடம் கேட்காமல் சோபெக் தானே வெளியேறினார். பிறகு பாதுகாப்பு உடையோடு கார்சன் சிட்டிப் பண்ணை வீட்டை நோக்கிப் போனார்.

அவர் இல்லாத குறையை ஃபாரோ பயன்படுத்திக்கொண்டார். அறிவுதான் மனிதனைக் கெடுத்தது என்று தனக்குத் தானே ஒரு தத்துவம் கட்டிக்கொண்டு அப்போலோவை அழித்தார்; தளத்தின் காற்றை வெளியேற்றி சோபெக்கின் சகாக்களையும் கொன்றார். தன் குற்றத்தின் சான்றை அழிக்கும் வெறி அதற்குள் ஒளிந்திருப்பதைக் கண்டுகொள்ள அதிக நேரம் ஆகாது. விளைவு: பல நூற்றாண்டுகளுக்குப் பின் எலூதியாவின் தொட்டில்களில் பிறந்த மனிதர்கள் மழலைப் பள்ளியைத் தாண்டாமலே காட்டுக்குள் விடப்பட்டார்கள். கதை நடக்கும் காலத்தின் குலங்கள் அவர்கள் வழிவந்தவை. அவற்றுள் ஒன்றான நோரா, கருவறைகள் இருந்த மலையையே அனைத்துக்கும் அன்னையாக வணங்குகிறது.

3020-இல் எங்கிருந்தோ வந்த சமிக்ஞை ஒன்று ஹேடீஸைத் தட்டியெழுப்பியபோது, கையா தன் உலையை வெடிக்கவைத்துத் தன்னையே அழித்துக்கொண்டது. அதற்கு முன் சோபெக்கின் மரபணுவிலிருந்து ஒரு குழந்தையை உருவாக்கும்படி எலூதியாவைப் பணித்தது. அந்தக் குழந்தைதான் கதாநாயகி ஏலாய்: தாயில்லாதவள் என்று குலத்தால் ஒதுக்கப்பட்டவள். தாய் யார் என்று தேடிப் போகிறவளுக்குப் பழைய தளங்களின் கதவுகள் சோபெக் என்று எண்ணித் திறக்கின்றன. விஞ்ஞானத்தில் குளோன், நோரா குலத்தாரின் கண்ணில் தெய்வச் செயல். இரண்டு வாசிப்பையும் கதை அருகருகே ஓடவிடுகிறது. ஏலாய்க்கும் சோபெக்குக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, ஆஷ்லி பர்ச். ஒரே குரல் ஒருத்தியிடம் துடுக்காகவும் மற்றவரிடம் களைத்தும் ஒலிப்பதைக் கேட்டாலே அவருடைய திறமை விளங்கும். ஜான் கான்சாலஸ் தலைமையில் எழுதப்பட்ட இந்தக் கதை, அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் வீடியோ கேம் எழுத்துக்கான விருதை 2018-இல் பெற்றது.

2022-இல் வந்த 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' சோபெக்கை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. அவரை ஒருகாலத்தில் காதலித்த டில்டா, விண்கலத்தில் தப்பிப் போய் ஆயிரம் ஆண்டு கடந்தும் உயிரோடு திரும்புகிறார். இழந்த சோபெக்கை ஏலாயின் உருவில் மீட்கப் பார்க்கிறார். அதே மரபணுவில் பிறந்த இன்னொரு பெண் பீட்டாவும் இதில் உண்டு. அன்பு காட்டுவோர் இல்லாமல், கருவியாகவே வளர்க்கப்பட்ட அவள் எதற்கெடுத்தாலும் நடுங்குகிறாள்.

முதல் ஆட்டத்தின் கடைசிக் காட்சியில் ஏலாய் அந்தப் பண்ணையைக் கண்டுபிடிக்கிறாள். பூக்களின் நடுவே ஓர் இருக்கை. அதில் பாதுகாப்பு உடைக்குள் உட்கார்ந்தபடியே சோபெக். கையில் பூமி வடிவில் ஒரு பதக்கம். ஏலாய் அதை எடுத்துக்கொள்கிறாள்.