நீஸ்: இளவேனில் தங்கல்

பிரான்சின் தென்கிழக்கே மத்தியதரைக் கடலோரம் உள்ள நகரம். 1860-இல் சார்டினிய அரசிடமிருந்து பிரான்சுக்குக் கைமாறியது. பழைய நகரில் இத்தாலியச் சாயல் இன்னும் தெரியும். 18-ஆம் நூற்றாண்டு முதலே குளிருக்குத் தப்பி வந்த ஆங்கிலேயர் மாதக்கணக்கில் தங்கினர்; 1820-களில் அவர்கள் பணத்தில் போட்ட கடலோரப் பாதையே இன்றைய ‘ப்ரோமனாத் தெஸ் ஆங்லே’. ஓவியர் மத்தீஸ் 1917-இல் வந்தார். 1954-இல் இங்கேயே மறைந்தார். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் நகரம் இடம்பெற்றது.

அவசரமின்றித் தங்க ஏப்ரல், மே மாதங்களே ஏற்றவை. கோடைக் கூட்டம் இராது. கடல்நீர் மட்டும் சில்லென்றிருக்கும். கரையும் மணலன்று, கூழாங்கல், வெறுங்காலுக்கு வதைதான். கூர் சலேயா சந்தையில் காலையில் பூவும் காய்கறியும் விற்கும், திங்களன்று பழம்பொருள்கள். கொண்டைக்கடலை மாவில் சுடும் ‘சொக்கா’வை மிளகுத்தூள் தூவிச் சுடச்சுடத் தின்ன வேண்டும், ஆறினால் வீண்.