ஊரிசு என்பது யார்? ஜவ்வாது மலையடிவாரக் கல்லூரிகளும் கொடையாளர்களும்

வேலூர் ஆபீசர்ஸ் லைன் வழியாகப் போகிறவர்களுக்கு ஊரிசு கல்லூரியைத் தெரியாமல் இருக்காது. போளூர், சந்தவாசல், கண்ணமங்கலம் பக்கத்து மாணவர்கள் பலருக்கு "காலேஜ்" என்றாலே முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் அதுவும் ஒன்று. ஆனால் ஊரிசு என்றால் என்ன? ஊரின் பெயரா? ஏதாவது தமிழ்ச் சொல்லா? அங்கே படித்தவர்களிலேயே பலர் இதைக் கேட்டால் யோசிப்பார்கள்.

அது ஒரு குடும்பப் பெயர். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் கிளின்டன் என்ற சிறிய ஊரில் வாழ்ந்த வூர்ஹீஸ் தம்பதியரின் பெயர். வூர்ஹீஸ் என்பது நம்மவர் வாயில் புகுந்து ஊரிசு ஆகிவிட்டது. கல்லூரியின் முழுப்பெயர் எலிசபெத் ராட்மன் வூர்ஹீஸ் கல்லூரி.

கடல் கடந்து ஒருவர் கொடுத்த பணம் வேலூரில் ஏன் கல்லூரியாக நிற்கிறது? ஒரு சிறிய கலைக் கல்லூரி வளர்வதற்குக் கொடையாளரின் பணம் எவ்வளவு உதவும்? எங்கே உதவாமல் போகும்? ஜவ்வாது மலையைச் சுற்றி இருக்கும் ஊர்களின் வரலாற்றிலேயே இதற்கு விடை இருக்கிறது.

கல்வெட்டுக் காலத்துக் கொடை

கொடை என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சந்தவாசலுக்கு அருகே உள்ள படவேடு ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகரம். போளூருக்கு அருகில் உள்ள திருமலையில் சோழ இளவரசி குந்தவையின் பெயரால் குந்தவை ஜினாலயம் இருக்கிறது. சைவக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணின் பெயரில் சமணக் கோயில்!

கல்விக்கான கொடைக்குச் சிறந்த உதாரணம் இன்னும் தெற்கே, விழுப்புரம் பக்கம் உள்ள எண்ணாயிரம். முதலாம் இராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்கே இருந்த கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். மாணவர்களில் 270 பேர் இளையோர், 70 பேர் மேல்நிலையில் படித்தவர்கள். இவர்களின் உணவுக்கும் ஆசிரியர்களின் ஊதியத்துக்குமாக 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பணமாகக் கொடுக்காமல் நிலமாகக் கொடுத்தார்கள். நிலம் அப்படியே இருக்கும், விளைச்சல் மட்டும் செலவாகும். இன்று பெரிய பல்கலைக்கழகங்கள் முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்கும் நிரந்தர நிதி வைத்திருக்கின்றனவே, அதே யோசனைதான். இரண்டாவது, அங்கே படித்தது வேதமும் இலக்கணமும் மீமாம்சையும் வேதாந்தமும். படித்தவர்கள் பிராமணப் பிள்ளைகள். நிலத்தை உழுதவனின் பிள்ளைக்கு அந்தக் கல்லூரியில் இடம் கிடையாது.

ஆக, எந்தக் கொடையிலும் "எவ்வளவு" என்ற கேள்வியோடு "யாருக்கு" என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

ஆற்காடு மிஷன்

இனி 19-ம் நூற்றாண்டு. ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் 1819-ல் மிஷனரியாக இலங்கைக்குக் கப்பலேறினார். அவருடைய மகன்கள் 1853-ல் அமெரிக்க ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். இதற்குப் பின்னால் இருந்தது, டச்சுக்காரர்களின் வழிவந்தவர்கள் அதிகம் இருந்த அமெரிக்க சீர்திருத்தத் திருச்சபை.

1854-ல் சர் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை வந்தது. தனியார் பள்ளி நடத்தினால் அரசும் ஒரு பங்கு மானியம் தரும் என்ற முறை அதிலிருந்துதான் பரவலானது. வெளியிலிருந்து வரும் பணத்தோடு அரசின் பணமும் சேர்ந்தது. அதனால்தான் அந்தக் காலத்தில் சிறிய ஊர்களில்கூட மிஷன் பள்ளிகள் வேகமாகப் பெருகின.

பணம் கொடுத்தவர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள் அல்லர். இந்தத் திருச்சபையின் பெண்கள் 1875-ல் வெளிநாட்டு மிஷன்களுக்கென்று தனி வாரியம் அமைத்துக்கொண்டு, வீடுகளில் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பணம் அனுப்பினார்கள். பெரிய கொடையாளரின் பெயர் கட்டடத்தில் இருக்கும். இவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

வேலூரில் இருந்த மிஷன் பள்ளி 1898-ல் கல்லூரியாக உயர்ந்தது. ஆனால் இரண்டாம் நிலைக் கல்லூரியாகத்தான். அதாவது எஃப்.ஏ. வரை மட்டும் படிக்கலாம், பி.ஏ. படிக்கச் சென்னைக்குப் போக வேண்டும். இந்தச் சிறிய கல்லூரிக்குத்தான் வூர்ஹீஸ் குடும்பத்தின் கொடை வந்தது.

ஒரே கொடையாளர், பல கல்லூரிகள்

ரால்ஃப் வூர்ஹீஸ் பார்வையற்றவர். அவரும் மனைவி எலிசபெத்தும் பணத்தை ஒரே இடத்தில் கொட்டவில்லை. ரட்கர்ஸ் கல்லூரியில் ஒரு நூலகம், மிச்சிகன் மாநிலத்தில் ஹோப் கல்லூரியில் 1907-ல் பெண்களுக்கான விடுதி என்று பிரித்துப் பிரித்துக் கொடுத்தார்கள். ரட்கர்ஸும் ஹோப்பும் அந்தத் திருச்சபையின் தொடர்பில் உருவான கல்லூரிகள். ரட்கர்ஸ் என்ற பெயரே ஒரு கொடையாளரின் பெயர்தான். 1766-ல் குவீன்ஸ் கல்லூரி என்று தொடங்கியது, ஹென்றி ரட்கர்ஸ் என்பவரைச் சிறப்பிக்கும் வகையில் 1825-ல் பெயர் மாறியது.

இதைவிடச் சுவையான செய்தி தெற்கு கரோலினா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே டென்மார்க் என்று ஒரு சிறிய ஊர். எலிசபெத் ஈவ்லின் ரைட் என்ற இளம் கறுப்பினப் பெண் 1897-ல் அங்கே கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். அவர் புக்கர் டி. வாஷிங்டனின் டஸ்கீஜி பள்ளியில் படித்தவர். அதற்கு முன் அவர் தொடங்க முயன்ற பள்ளிகளைத் தீ வைத்து எரித்தார்கள். 1902-ல் வூர்ஹீஸ் தம்பதியர் நிலம் வாங்கவும் கட்டடம் கட்டவும் பணம் கொடுத்தார்கள். அந்தப் பள்ளியும் அவர்கள் பெயரையே பெற்றது, கல்லூரியானது, 2022-ல் பல்கலைக்கழகமும் ஆனது.

உலகின் இரண்டு மூலைகளில் ஒரே பெயரில் இரண்டு கல்லூரிகள். ஒன்று நிறவெறி கோலோச்சிய ஊரில், இன்னொன்று சாதி கோலோச்சிய ஊரில்! இரண்டு இடத்திலும் கொடையாளர் நேராக வந்து பாடம் நடத்தவில்லை. ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தவர்களின் கையில் பணத்தைக் கொடுத்தார். எலிசபெத் ரைட் 1906-ல், முப்பத்து நான்கு வயதில் இறந்துவிட்டார். அவருடைய உழைப்பு முன்பே இல்லாமல் இருந்தால் அந்த நன்கொடைக்கு முகவரியே இருந்திருக்காது.

வேலூர்க் கல்லூரியின் புகழ்பெற்ற மாணவர் டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். திருத்தணியில் 1888-ல் பிறந்தவர், எளிய குடும்பம், உதவித்தொகைகளால் படித்தவர். வேலூரில் எஃப்.ஏ. முடித்துவிட்டுச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். பின்னாளில் இந்து தத்துவத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னவர், நாட்டின் குடியரசுத் தலைவர், கிறிஸ்தவர்கள் கொடுத்த பணத்தில் நடந்த கல்லூரிகளில் படித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. கொடுத்தவர் நினைத்தது ஒன்றாக இருக்கலாம், படித்தவர் அடைந்தது வேறாக இருக்கலாம். கல்விக்குக் கொடுக்கும் பணத்தின் இயல்பு அது.

மலையின் மறுபுறம்

ஜவ்வாது மலைக்கு வடமேற்கே பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர். கிழக்கே இன்னும் போனால் மேல்விஷாரம், இராணிப்பேட்டை. தோல் பதனிடும் ஊர்கள். முன்பு ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல்கள் இங்கிருந்து கப்பலேறின. முதல் உலகப்போரில் இராணுவக் காலணிகளுக்காக இந்தியத் தோலுக்குப் பெரும் தேவை இருந்தது.

போர் முடிந்த மறு ஆண்டு, 1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி தொடங்கியது. வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம் இதை நடத்துகிறது. இங்கே ஒரு வெளிநாட்டுச் செல்வந்தரின் பெயர் இல்லை. உள்ளூர் வணிகச் சமுதாயமே சேர்ந்து தன் பிள்ளைகளுக்காக எழுப்பிய கல்லூரி இது.

மேல்விஷாரத்தில் பிறந்த சி. அப்துல் ஹக்கீம் தோல் வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டியவர், வள்ளல் என்று பெயர் எடுத்தவர். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் எதிரே பயணிகள் தங்குவதற்காக அவர் கட்டிய சித்திக் சராய் இன்றும் இருக்கிறது. அவர் 1938-ல் மறைந்தார். அவர் பெயரில் மேல்விஷாரத்தில் கல்லூரி வந்தது 1965-ல்! வேலூரிலேயே 1972-ல் தொடங்கிய மகளிர் கல்லூரி, தனபாக்கியம் கிருஷ்ணசாமி முதலியார் பெயரைத் தாங்கி நிற்கிறது. மதம், மொழி, தொழில் எல்லாம் வேறு வேறு. வழி மட்டும் ஒன்றுதான்.

நிபந்தனையோடு வரும் பணம்

கொடை என்றாலே எல்லாம் சுகமாக முடிந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. இதற்கும் வேலூரிலேயே உதாரணம் உண்டு.

முன்பு சொன்ன ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர். பெண்களுக்கு வைத்தியம் பார்க்கப் பெண் மருத்துவர் இல்லாமல் அவர்கள் சாவதைக் கண்டு மருத்துவம் படித்தவர். ஷெல் என்ற அமெரிக்கர் தன் மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-ல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. இன்றும் ஆரணி சாலையில் ஷெல் கண் மருத்துவமனையாக அந்தப் பெயர் வழங்குகிறது.

1918-ல் ஐடா பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1920-களின் தொடக்கத்தில் ஆசியாவில் இருந்த ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டினார்கள். வேலூரும், சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியும் அந்த ஏழில் அடக்கம். அதற்கு ராக்பெல்லர் நிதி ஒரு நிபந்தனை போட்டது. பெண்கள் 20 லட்சம் டாலர் திரட்டினால், தான் 10 லட்சம் டாலர் தருவதாக! லூசி பீபாடி என்ற பெண்மணி முன்னின்று உழைத்தார், பணம் சேர்ந்தது. நிபந்தனை இங்கே நல்லதே செய்தது. "நாம் ஒரு டாலர் போட்டால் அது ஒன்றரை டாலர் ஆகும்" என்று தெரிந்தால் யார்தான் கொடுக்க மாட்டார்கள்?

ஆனால் பிறகு சிக்கல் வந்தது. 1930-களின் இறுதியில் சென்னை மாகாண அரசு பழைய மருத்துவப் பட்டயப் படிப்பை நிறுத்தி, இனி பட்டப்படிப்புதான் என்றது. எம்.பி.பி.எஸ். நடத்த அதிக ஆசிரியர்களும் ஆய்வுக்கூடங்களும் பணமும் தேவை. பல சபைகளின் உதவியைப் பெற வேண்டுமானால் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்ற கருத்து எழுந்தது. "பெண்களுக்காகவே பெண்களிடம் வாங்கிய பணம் அல்லவா இது?" என்று லூசி பீபாடி எதிர்த்தார். ஐடா ஸ்கடர் கல்லூரி பிழைக்க வேண்டும் என்ற பக்கம் நின்றார். நீண்ட கால நட்பு முறிந்தது. 1940-களில் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள்.

இதில் யார் சரி? பீபாடி சொன்னதில் நியாயம் இருக்கிறது. கொடுத்தவருக்குக் கொடுத்த வாக்கு என்று ஒன்று உண்டு. ஐடா செய்ததிலும் நியாயம் இருக்கிறது. மூடிப்போன கல்லூரியால் எந்தப் பெண்ணுக்கும் பயன் இல்லை. கதவை அகலத் திறந்ததால்தான் அந்த நிறுவனம் இன்றைய சி.எம்.சி. ஆக வளர்ந்தது. அதற்குக் கொடுத்த விலையும் சிறியதல்ல.

கட்டடத்துக்குப் பிறகு

ஊரிசு கல்லூரி இன்று தென்னிந்தியத் திருச்சபையின் வேலூர் பேராயத்தின் கீழ் இருக்கிறது. முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது, 2002-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவான பிறகு அதனோடு இணைந்தது. அரசு உதவி பெறும் பணியிடங்களில் உள்ள ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது அரசு, அதாவது வரி கட்டும் மக்கள்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. கொடையாளரின் பணம் கட்டடம் கட்டும், நிலம் வாங்கும், முதல் சில ஆண்டுகள் தள்ளாடாமல் நிற்க வைக்கும். ஆனால் மாதா மாதம் சம்பளம், ஆய்வுக்கூடத்துக்குப் பொருள்கள், ஏழை மாணவனுக்கு விடுதிச் சாப்பாடு என்று ஓடிக்கொண்டே இருக்கும் செலவுக்கு ஒருமுறை கொடுத்த கொடை போதாது. அதற்கு அரசு வேண்டும், அல்லது எண்ணாயிரத்து நிலம் போல ஆண்டுதோறும் விளையும் நிதி வேண்டும். இரண்டும் இல்லாத கல்லூரி, செலவை மாணவனின் கட்டணத்தில்தான் ஏற்றும். அப்போது, யாருக்காகக் கல்லூரி கட்டினார்களோ அவனே வாசலுக்கு வெளியே நிற்க நேரிடும்.

பழைய மாணவர்கள் கொடுப்பது இங்கேதான் முக்கியமாகிறது. அமெரிக்காவின் சிறிய கலைக் கல்லூரிகள் பலவும் பழைய மாணவர்கள் ஆண்டுதோறும் அனுப்பும் பணத்தைப் பெரிதும் நம்பி இருக்கின்றன. நம் ஊரில் கோயில் திருப்பணிக்கும் திருவிழாவுக்கும் தலைக்கட்டு வரி என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கிறோம். படித்த கல்லூரிக்கு அப்படிக் கொடுக்கும் வழக்கம் இன்னும் பெரிதாக வேரூன்றவில்லை.

நியூ ஜெர்சியில் இருந்த பார்வையற்ற ஒரு மனிதரும் அவர் மனைவியும் வேலூர்ப் பிள்ளைகளுக்காகக் கொடுத்தார்கள். வாணியம்பாடி வணிகர்கள் தங்கள் ஊருக்காகக் கொடுத்தார்கள். அவர்களால் படித்து வேலைக்குப் போனவர்கள் ஜவ்வாது மலையடிவாரத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்தாலும் ஒரு மாணவனின் பருவக் கட்டணம் கட்டலாம். பெயர்ப்பலகைகூட வேண்டியதில்லை!