ஒரு மலையின் பழைய மாணவர்கள்

இந்த எபிசோடை ஒரு சின்னக் கேள்வியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

கொல்லிமலை போயிருக்கீங்களா? காரவள்ளியில தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவு. நம்மில் பலருக்கு அந்த மலை என்றால் பைக் ரைடு, ஆகாய கங்கை, கொஞ்சம் மிளகு, ஒரு பலாப்பழம். அவ்வளவுதான். ஆனால் மேலே 14 'நாடுகள்' இருக்கின்றன. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு என்று. இன்றைக்கு அவை ஊராட்சிகள். அதில் ஒன்று ஆலத்தூர் நாடு.

அங்கே ஒரு சின்னப் பள்ளியின் ஆசிரியரிடம் கேட்டேன்: "சார், இங்க படிச்சு பெரிய ஆளா வந்தவங்க யாரு?" அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒருத்தர் போலீஸ். ஒரு பொண்ணு நர்ஸ். ஒருத்தர் கீழே வாத்தியார் வேலை. "இன்னும் இருக்காங்க. எழுதி வெக்கலைங்க" என்றார்.

எழுதி வைக்கவில்லை. இந்த எபிசோடே அந்த இரண்டு வார்த்தையைப் பற்றித்தான்.

ஏன் என்றால், இதே மலையில் எழுத்தைக் கற்றுக்கொண்ட ஒரு பையனைப் பற்றி உலகம் நிறையவே எழுதி வைத்திருக்கிறது. அவர் பெயர் பால் பிராண்ட். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா ஈவ்லின். இங்கிலாந்தில் இருந்து வந்த மிஷனரிகள். 1913-ல் சேந்தமங்கலத்தில் கல்யாணம் முடிந்த கையோடு கொல்லிமலை ஏறியவர்கள். அப்போது ரோடு கிடையாது. நடை, இல்லையென்றால் டோலி. மலேரியாவுக்குப் பயந்து கீழே இருப்பவர்கள் மேலே வரத் தயங்கிய காலம் அது.

வந்த நோக்கம் மதப் பிரச்சாரம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வந்த இடத்தில் மருந்து கொடுத்தார்கள், மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தொடங்கினார்கள், தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார்கள்.

பால் பிறந்தது 1914-ல். ஒன்பது வயது வரை அவருக்கு வீடுதான் பள்ளிக்கூடம், அம்மாதான் டீச்சர். மீதிப் பாடத்தை மலையே நடத்தியது. மரம் ஏறுவது, அப்பா இழைக்கும் பலகையைத் தடவிப் பார்ப்பது, கரையான் புற்றை உற்றுக் கவனிப்பது.

அவர் மனதில் தங்கிய ஒரு காட்சி உண்டு. ஒருநாள் தொழுநோயாளிகள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா கையுறை போட்டுக்கொண்டு அவர்கள் பாதத்துக்குக் கட்டுப் போட்டார். அம்மா ஒரு கூடையில் பழம் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் போன பிறகு அந்தக் கூடையை எரித்துவிட்டார்கள். பிள்ளைகள் அந்த இடத்தில் விளையாடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். இத்தனை இரக்கம் உள்ள மனிதர்களுக்கே அந்த நோய் மேல் அவ்வளவு பயம்.

1923-ல் படிப்புக்காக இங்கிலாந்து போனார் பால். அப்பாவை அதன்பிறகு அவர் பார்க்கவே இல்லை. 1929-ல் ஜெஸ்ஸி கொல்லிமலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். சாவுச் செய்தி தந்தியில் முதலில் வந்துவிட்டது. அப்பா முன்பே எழுதிய கடிதங்களோ கப்பலில் மெதுவாக, அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. மலையைப் பற்றி, மரங்களைப் பற்றி. யோசிச்சுப் பாருங்க, அந்தப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

டாக்டர் வேலையே வேண்டாம் என்று இருந்தவர் பால். அப்பா வைத்தியம் பார்த்தபோது கண்ட ரத்தமும் சீழும் அவருக்கு ஒத்துவரவில்லை. அதனால் சில வருடம் கட்டட வேலையும் தச்சும் கற்றார். மருத்துவத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

கதை திரும்புவது செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து, "அழுத்திப் பிடிங்க" என்றார். அந்த ஆள் பிடித்த பிடியில் டாக்டருக்கே வலித்தது! அப்படியானால் கை முழுக்கச் செத்துப்போகவில்லை, சில தசைகள் இன்னும் பலமாக இருக்கின்றன. அந்த நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்ய வைத்தால் என்ன? தச்சனுக்குத் தோன்றுகிற யோசனை இது. இந்த அறுவை சிகிச்சையால் எத்தனையோ பேரின் மடங்கிய விரல்கள் மறுபடி நிமிர்ந்தன.

இன்னொன்றையும் அவர் காட்டினார். விரல்கள் நோயால் 'உதிர்வதில்லை'. வலி தெரியாததால் சுட்டுக்கொள்கிறார்கள், வெட்டிக்கொள்கிறார்கள். காயம் தேய்ந்து தேய்ந்து விரல் போகிறது. சிலருக்கு ராத்திரி தூக்கத்தில் எலி கடித்திருக்கிறது, அதுகூடத் தெரியவில்லை. தீர்வு? வீட்டுக்குப் போகும் நோயாளி கையில் ஒரு பூனை! பிறகு 1960-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. அமெரிக்காவுக்குப் போய், சர்க்கரை நோயாளிகளின் காலைக் காப்பாற்றவும் இதே பாடத்தைப் பயன்படுத்தினார். 2003-ல் காலமானார்.

சரி, ஆலத்தூர் நாட்டுக்குத் திரும்புவோம்.

பாலைப் பற்றி இவ்வளவு நமக்கு எப்படித் தெரியும்? கடிதம் எழுத அப்பா இருந்தார். அதைப் பத்திரப்படுத்தக் குடும்பம் இருந்தது. புத்தகம் போட ஆள் இருந்தார்கள். அதே காலத்தில் அதே மலையில் சிலேட்டில் எழுதிப் பழகிய மலையாளிப் பிள்ளைகளும் இருந்தார்கள் இல்லையா? கரையானைப் பற்றி பாலைவிட அவர்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும். எந்த மரத்தில் ஏறலாம், எதில் ஏறக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்களாக இருக்கலாம். அவர்கள் என்ன ஆனார்கள் என்று நானும் நீங்களும் எந்தப் புத்தகத்தில் தேடுவது?

இன்றைக்கு நிலைமை மாறிக்கொண்டு வருகிறது. 2024-ல் இதே மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஸ்ரீபதி, ஜவ்வாது மலையின் புலியூர்க்காரர், 23 வயதில் சிவில் நீதிபதி தேர்வில் வென்றார். குழந்தை பிறந்த இரண்டாம் நாள் சென்னை போய்த் தேர்வு எழுதியவர். அதே வருடம் பச்சைமலையில் இருந்து ஒரு அரசுப் பழங்குடியினர் பள்ளி மாணவி, திருச்சி என்.ஐ.டி.யில் கெமிக்கல் எஞ்சினியரிங் சேர்ந்தார். இதெல்லாம் செய்தியானது. சந்தோஷம்தான்.

ஆனால் செய்தி 'முதல்' ஆளை மட்டும்தான் எழுதும். இரண்டாவது நர்ஸையும் நாலாவது போலீஸ்காரரையும் எழுதாது. மலையில் இருக்கிற ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கோ, நீதிபதியைவிட அந்த நர்ஸ்தான் பக்கம். 'நம்ம ஊர் அக்கா போன வழி' என்று ஒன்று கண்ணுக்குத் தெரிந்தால்தான், மேலே படிக்கக் கீழே இறங்கிப்போய் ஹாஸ்டலில் தங்கத் துணிச்சல் வரும். பெயர்ப் பட்டியல் என்பது பெருமைக்கு இல்லை. அது வழிகாட்டிப் பலகை.

கிளம்பும்போது அந்த ஆசிரியரிடம் சொன்னேன்: "சார், ஒரு நோட்டுப் போடுங்க." சிரித்தார். "பேரு மட்டும் போதுங்களா?" என்று கேட்டார். பேரு, எந்த வருஷம், இப்போ என்ன செய்றாங்க, அது போதும் என்றேன்.

உங்களுக்கும் அதே வேலைதான், நண்பர்களே. உங்க பாட்டி எந்தப் பள்ளியில், எதுவரை படித்தார்? கூடப் படித்தவர்கள் யார் யார்? இந்த வாரம் ஒரு போன் போட்டுக் கேளுங்க. கேட்டதை எழுதி வையுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.