மாகடற் கப்பலில் மேல்தட்டும் கீழ்த்தட்டும்



மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகின்ற திசையில் உள்ள நிலப்பகுதியைப் படுவான்கரை என்று எங்கள் முன்னோர் வழங்கினர். அப்படுவான்கரையிலே, உன்னிச்சைக் குளத்து நீரால் நெல் விளையும் ஊரொன்றிலே, பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் பணி எனக்கு வாய்த்தது. எங்கள் பிள்ளைகள் நாள்தோறும் காணும் பெருநீர் குளத்து நீரே. அவர்கள் அறிந்த கலம் மீன்பிடிக்கும் தோணியே. ஒருநாள் வரலாற்றுப் பாடவேளையிலே, கொழும்புத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் பழைய பிரயாணிக் கப்பலொன்றின் படத்தை அவர்களுக்குக் காட்டினேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “இத்தனை நாளும் சனம் கப்பலுக்குள்ளே இருந்து என்ன செய்யும், சேர்?” என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆனால், கேள்வி சிரித்துத் தள்ளத் தக்கதன்று. அதற்கு நான் அன்று கூறிய விடை அரைகுறையானது. அதனை நிறைவு செய்யும் முயற்சியே இன்றைய எனது பேச்சு.

மாகடலைக் கடப்பது ஒரு காலத்தில் இன்பமான காரியமாக இருக்கவில்லை. இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. மட்டக்களப்பு நகரிலே சிலையாக நிற்கின்ற வில்லியம் ஓல்ட் என்னும் பாதிரியாரின் வரலாறே போதும். 1813ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில், மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்த தொண்டர் சிலர் தோமஸ் கோக் என்பவரின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து பாய்க்கப்பல்களில் புறப்பட்டனர். ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்த அக்கப்பல்கள், 1814ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் பம்பாயை அடைந்தன. வழியிலே தலைவர் கோக் இறந்தார். ஓல்ட் பாதிரியாரின் மனைவியாரும் இறந்தார். இருவர் உடலையும் கடலே ஏற்றுக்கொண்டது. மனைவியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தனியராக மட்டக்களப்பு வந்து சேர்ந்த ஓல்ட், இங்கே பாடசாலை அமைத்துக் கல்விப்பணி தொடங்கினார். எட்டு மாதங்கள் கழிவதற்குள், 1815ஆம் ஆண்டு ஏப்பிரலிலே, அவரும் உயிர் நீத்தார். அவர் இட்ட வித்தே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அந்நாளில் கப்பலேறுவோர் உற்றார் உறவினரிடம் விடைபெறும்போது, மீண்டும் காண்போம் என்ற உறுதியோடு விடைபெறவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

இந்நிலையை மாற்றியவை இரண்டு. ஒன்று, குறித்த நாளில் குறித்த துறையிலிருந்து புறப்படுதல் என்னும் ஒழுங்கு, மற்றது, நீராவி. முன்னாளிலே சரக்கு நிறைந்தால் கப்பல் புறப்படும். நிறையாவிட்டால் வாரக்கணக்கில் நிற்கும். 1818ஆம் ஆண்டு ஜனவரியில், நியூயோர்க்கிலிருந்து லிவர்பூலுக்குச் செல்லும் பாய்க்கப்பல்களை ஒரு கம்பனியார் முன்னரே அறிவித்த தேதிகளிற் செலுத்தத் தொடங்கினர். நிறைந்தாலும் நிறையாவிட்டாலும், சொன்ன நாளில் கப்பல் புறப்படும். இவ்வாறு ஒரே தடத்தில், ஒரே ஒழுங்கில் ஓடும் கப்பலுக்கே ‘லைனர்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1840ஆம் ஆண்டு ஜூலை மாதம் கியூனார்ட் கம்பனியின் ‘பிரித்தானியா’ என்னும் நீராவிக் கப்பல், அரசாங்கத் தபாலைச் சுமந்துகொண்டு அத்திலாந்திக் மாகடலைக் கடந்தது. ஈராண்டுகளுக்குப் பின் அதே கப்பலிற் சென்ற நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கின்ஸ், தமது அறையின் சிறுமையையும் கடற்கோளாற்றால் தாம் பட்ட பாட்டையும் நகைச்சுவை ததும்ப எழுதிவைத்தார். திரும்பும்போது நீராவிக் கப்பலே வேண்டாமென்று பாய்க்கப்பலில் ஊர் திரும்பினார்! எனவே, புதுமை வந்த அன்றே சுகமும் வந்துவிடவில்லை.

நமது பக்கத்திலே நிலைமையை அடியோடு மாற்றியது சுயெஸ் கால்வாய். 1869ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் அது திறக்கப்பட்டது. ஆபிரிக்காவைச் சுற்றும் வேலை ஒழிந்தது. அதுவரை காலித் துறையிலே தங்கிச் சென்ற கப்பல்களுக்கு, அங்குள்ள பாறைகளும் தென்மேற்குப் பருவக்காற்றும் பெரும் இடையூறு. ஆகையால் கொழும்பிலே அலைதாங்கி கட்ட முடிவு செய்தனர். 1875ஆம் ஆண்டு டிசம்பரிலே, பிற்காலத்தில் ஏழாம் எட்வேர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1882ஆம் ஆண்டில் பி. அண்ட் ஓ. கம்பனியார் காலியை விட்டுக் கொழும்புக்கு மாறினர். ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் தூரகிழக்குக்கும் செல்லும் தடங்கள் யாவும் கூடும் நாற்சந்தியாயிற்று கொழும்பு. பயண நாட்கள் எவ்வளவு சுருங்கின என்பதற்கு ஒரு சான்று தருவேன். 1896ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலே ஜெர்மானியக் கப்பலொன்றில் ஏறிய சுவாமி விவேகானந்தர், 1897ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் கொழும்பில் இறங்கினார். பதினாறே நாட்கள்!

இனி, என் மாணவன் கேட்ட கேள்விக்கு வருவோம். இத்தனை நாட்களும் பிரயாணிகள் என்ன செய்தனர்?

முதலிலே பெட்டிகளைப் பிரித்தனர். அறைக்குள் வேண்டியவை ஒரு புறம். கப்பலின் அடிவயிற்றுள் இறக்கப்பட வேண்டியவை மற்றொரு புறம். பின்னவற்றின்மேல் ‘பயணத்தில் வேண்டப்படாதது’ என்னும் சீட்டு ஒட்டப்படும். காலையிலே மேல்தளத்திற் பல சுற்று நடப்பார்கள். பதினொரு மணியளவில் பணியாளர் சூடான சூப்பைக் கொண்டுவந்து கொடுப்பர். சாய்வு நாற்காலியிற் படுத்து நூல் வாசிப்போர் சிலர். கயிற்று வளையங்களை எறிந்து விளையாடுவோர் சிலர். கடிதம் எழுதுவோர் சிலர். மாலையிலே சேகண்டி ஒலித்ததும் உடை மாற்றிக்கொண்டு உணவு மண்டபம் புகுவர். கப்பித்தானின் மேசையில் இடம் பெறுவது பெருமதிப்பு. இந்து மாகடலிலே பறக்கும் மீன்கள் வெள்ளிக் கம்பிகளைப்போல் எழுந்து விழுவதையும், இரவிலே கப்பல் கிழித்துச் செல்லும் நீர் தானே ஒளிர்வதையும் கைப்பிடிக் கம்பிகளைப் பற்றிக்கொண்டு கண்டு களிப்பர். கொழும்பிலிருந்து அவுஸ்திரேலியா செல்லும் கப்பல், பூமத்திய ரேகையைக் கடக்கும் நாளிலே, கடலரசன் வேடம் பூண்ட ஒருவர் புதிய பிரயாணிகளைத் தண்ணீரில் அமிழ்த்தி விளையாடுவதும் வழக்கம்.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்வது கடிகாரத்தின் கதை. மேற்கு நோக்கிச் செல்லும் கப்பலிலே, சில இரவுகளிற் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னோக்கித் திருப்பிவைப்பர். அன்றைய நாளுக்கு இருபத்தைந்து மணித்தியாலம். பிரயாணியின் உடல் தூரத்தைச் சிறிது சிறிதாகப் பழகிக்கொள்ளும். விமானத்திற் செல்வோர் ஒரே இரவில் இதனைப் பெறுகின்றனர். பிறகு பகலில் உறங்கி இரவில் விழித்துத் துன்புறுகின்றனர். தூரம் என்பது எவ்வளவு என்று உடலாலும் உள்ளத்தாலும் அறிந்தவர்கள் கப்பற் பிரயாணிகளே.

அத்தகைய ஓய்வு வீண்பொழுது அன்று. செட்டிநாட்டுக் கோட்டையூரிற் பிறந்த ஏ. கே. செட்டியாரை நேயர்களிற் பலர் அறிவீர்கள். 1937ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்தநாளன்று, அவர் நியூயோர்க்கிலிருந்து டப்ளினுக்கு ‘சமேரியா’ என்னும் கப்பலிற் சென்றுகொண்டிருந்தார். அந்த அத்திலாந்திக் பயணத்திலேதான், காந்தியடிகளின் வாழ்க்கையை முழுநீள ஆவணப்படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் உதித்தது. அதன்பின் நாடு நாடாகச் சென்று, பலர் எடுத்திருந்த படச்சுருள்களைத் தேடித் திரட்டி, 1940ஆம் ஆண்டில் அப்படத்தை வெளியிட்டார். இருபத்தைந்து வயதுத் தமிழ் இளைஞர் ஒருவருக்கு, நான்கு திசையும் நீரே தெரியும் ஓர் இடத்திலே, சிந்திப்பதற்குச் சில நாட்கள் கிடைத்தன. அதன் பயனை உலகம் பெற்றது.

இவ்வளவும் மேல்தட்டின் கதை. இத்துடன் பேச்சை முடித்தால் வரலாற்றுக்குத் துரோகம் செய்தவனாவேன்.

முதல் வகுப்பார் நடக்கும் தளத்திலே தாழ்ந்த வகுப்பார் நடத்தல் இயலாது. இடையிலே கதவும் தடுப்பும் இருக்கும். அவர்கள் எல்லாருக்கும் கீழே, கொதிகலன் அறையிலே, நிலக்கரியை வாரி இறைத்தோர் பலர் நம் நாடுகளின் மக்களே. ‘லஸ்கார்’ என்று அழைக்கப்பட்ட இக்கடலோடிகள், செங்கடலின் கொடிய வெப்பத்திலே நெருப்பின்முன் நின்று உழைத்தனர். வெள்ளை மாலுமிகள் பெற்றதைவிட மிகக் குறைந்த ஊதியமே அவர்களுக்குக் கிடைத்தது. மேலே சேகண்டி ஒலித்து விருந்து நடப்பதற்குக் கீழே அவர்கள் சுழற்றிய அகப்பையே காரணம்.

தமிழருள் மிகப் பெரும்பாலோர் ஏறிய கப்பலும் வேறு. 1926ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்தில் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல், சென்னையிலிருந்து நாகபட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. அறைகளிற் சிலரே பயணம் செய்தனர். தளப் பிரயாணிகளாக 5000க்கும் மேற்பட்டோரை ஏற்றுவதற்குத் தொடக்கத்தில் அதற்கு அனுமதி இருந்தது. பாயை விரித்த இடமே படுக்கை, பெட்டியே தலையணை. நாகபட்டினத்திலே படகுகளிற் சென்று, ஆடும் அலைமீது நின்றபடியே கப்பலேற வேண்டும். இறப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றோரும், கடை வைக்கச் சென்றோரும், மணமுடிக்கச் சென்ற பெண்களும் இவ்வாறே கடல் கடந்தனர். 1938ஆம் ஆண்டிலே தோட்டக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. எனினும் ரஜூலா 1973ஆம் ஆண்டுவரை அத்தடத்தில் ஓடியது. அதிலே சென்ற முதியோர் பலர் அக்கப்பலை வெறுப்போடு நினைவுகூர்வதில்லை. இடநெருக்கத்தையும் வாந்தியையும் கூறுவர். உடனே, பக்கத்துப் பாயிலிருந்தவரோடு ஏற்பட்ட ஆயுட்கால நட்பையும் கூறுவர். இன்பம் மேல்தட்டாருக்கு மட்டும் உரியதன்று என்பதை இதனாற் கற்கின்றோம். அதனால் அவர்கள் பட்ட இடர் நியாயமாகிவிடாது என்பதையும் கற்கவேண்டும்.

மட்டக்களப்புக் கடலும் இத்தகைய கப்பலொன்றை அறியும். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள், ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் எங்கள் கரைக்கு அப்பால் மூழ்கடித்தன. 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நீரில் தத்தளித்தோரிற் சுமார் 600 பேரைத் தூக்கியெடுத்துக் கொழும்புக்குக் கொண்டுசென்றது ‘வீற்றா’ என்னும் மருத்துவக் கப்பல். போருக்கு முன் அது பிரயாணிகளை ஏற்றிச் சென்ற கப்பல். உல்லாசமாக உலாவிய தளத்திலே அன்று எண்ணெயும் உதிரமும் தோய்ந்த மனிதர் கிடந்தனர்.

போருக்குப் பின் ஒரு பத்தாண்டு காலம் இக்கப்பல்கள் மீண்டும் செழித்தன. 1956ஆம் ஆண்டுக்குப் பின் நம் நாட்டுப் பறங்கியர் குடும்பங்கள் பல, கொழும்பிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறின. ஆனால், 1958ஆம் ஆண்டில் ஜெட் விமானங்கள் அத்திலாந்திக்கைக் கடக்கத் தொடங்கின. 1967ஆம் ஆண்டுப் போரினாற் சுயெஸ் கால்வாய் மூடப்பட்டு, 1975ஆம் ஆண்டிலேதான் மீளத் திறந்தது. அதற்குள் பிரயாணிகள் ஆகாயத்துக்கு ஏறிவிட்டனர். ரஜூலாவின் தடத்தில் பின்னர் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலும் 1985ஆம் ஆண்டிலே தீவிபத்துக்குள்ளாகி, உயிர்களைப் பலிகொண்டு ஓய்ந்தது. 2004ஆம் ஆண்டிலே சேவையைத் தொடங்கிய ‘குயின் மேரி 2’ என்னும் கப்பல்மட்டும், சவுதாம்ப்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையே ஏழு இரவுப் பயணமாகப் பழைய மரபைப் பேணி வருகின்றது. அதிலே செல்வோர் போக்கிடம் நோக்கிச் செல்வோரல்லர். பயணத்தை நோக்கிச் செல்வோர்.

ஏ. கே. செட்டியார் கடந்த அதே அத்திலாந்திக்கை, 49 ஆண்டுகள் கழித்து வேறு தமிழர் சிலரும் கடந்தனர். 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளிலே இலங்கைத் தமிழர் 150க்கும் மேற்பட்டோர் மூடுபனியில் மிதந்துகொண்டிருந்தனர். சரக்குக் கப்பலொன்றில் ஏற்றிவரப்பட்டு நடுக்கடலிலே இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். பெட்டிகளின்மேல் ஒட்டப்பட்ட ‘பயணத்தில் வேண்டப்படாதது’ என்னும் சீட்டை மனிதர்மேல் ஒட்டியதற்கு ஒப்பானது அச்செயல். அந்நாட்டு மீனவர் அவர்களைக் கண்டு காத்தனர். அவர்களுக்குச் சேகண்டி ஒலிக்கவில்லை; கடிகாரத்தைத் திருப்பிவைப்பாரும் இல்லை. எனினும் அதுவும் தமிழரின் அத்திலாந்திக் பயணமே. ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது வரலாறாகாது.

நேயர்களே, 2023ஆம் ஆண்டு ஒக்டோபரிலே நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பிரயாணிக் கப்பற் சேவை தொடங்கியது. அதைப்பற்றிக் கேள்வியுற்றபோது நான் மகிழ்ந்தேன். கடலை மீண்டும் கடலாகக் கண்டு கடக்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குக் கிட்டட்டும் என்பதே என் மகிழ்ச்சிக்குக் காரணம்.

மண்முனைத் துறையிலே 2014ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்படுமுன், வாவியைக் கடப்பதற்குப் ‘பாதை’ என்று நாம் வழங்கும் மிதவை இருந்தது. அதிலே நெல்மூட்டையும் சைக்கிளும் ஆசிரியரும் மாணவரும் கமக்காரரும் ஒரே பலகைமேல் நின்றோம். கடக்கச் சிறிது நேரந்தான். அதற்குள் ஒருவர்க்கொருவர் நலம் விசாரித்துக்கொள்வோம்; வாவியின் காற்றை வாங்கிக்கொள்வோம். பாலம் வந்தது நன்மையே. அவசர நோயாளியைக் கேட்டால் அதன் அருமை தெரியும். ஆயினும் அன்று ஒரே பலகையிலே நின்ற நிலையை நான் மறந்தேனல்லேன்.

“சனம் கப்பலுக்குள்ளே இருந்து என்ன செய்யும்?” என்று கேட்ட மாணவனுக்கு இனி நான் சொல்லும் விடை இதுவே: “தம்பி, சிலர் உலாவினர், சிலர் நெருப்பின்முன் உழைத்தனர், சிலர் பாயிலே கிடந்து ஊரை நினைந்து அழுதனர். கப்பலின் படத்தைப் பார்க்கும்போது மேல்தட்டை மட்டும் பாராதே. நீர்மட்டத்துக்குக் கீழேயும் கப்பல் உண்டு.”