யுனிக்ஸ்: பெயரும் பொருளும்

நேற்று ஓடிய நீர் இன்று ஆற்றில் இல்லை. ஆயினும் ஆற்றின் பெயர் மாறுவதில்லை. கணினிகளை இயக்கும் யுனிக்ஸ் என்னும் முறைமையின் வரலாறும் இத்தகையதே.

1969 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் மல்ரிக்ஸ் என்னும் பெருந்திட்டத்தினின்றும் விலகிற்று. அதிலே உழைத்த கென் தொம்சன், அதிகம் பயன்படாது கிடந்த சிறு கணினி ஒன்றிலே புதியதோர் இயக்க முறைமையை அமைத்தார். டெனிஸ் றிச்சி முதலியோர் துணைநின்றனர். மல்ரிக்ஸ் என்பதை எள்ளி எழுந்ததே யுனிக்ஸ் என்னும் பெயர். 1973 இல் அது ‘சி’ மொழியிலே திருப்பி எழுதப்பட்டது. அதன்பின் அம்முறைமை வேறு கணினிகளுக்கும் எளிதிற் குடிபெயரலாயிற்று. அது உடல் மாற்றிய கட்டங்களுள் இதுவும் ஒன்று.

ஆய்வுகூடத்தின் உரிமை நிறுவனமான ஏ.ரி. அன்ட் ரி., 1956 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றின்படி, தொலைபேசித் துறைக்குப் புறம்பான வாணிகத்தில் இறங்க இயலாதிருந்தது. ஆதலின் யுனிக்ஸின் மூலநிரல் சிறு கட்டணத்திற்குப் பல்கலைக்கழகங்களைச் சென்றடைந்தது. கலிபோர்ணியாவிலே பேர்க்லிப் பல்கலைக்கழகத்தார் அதனைத் திருத்தியும் பெருக்கியும் தம் பதிப்புக்களை வெளியிட்டனர். 1984 இல் அந்நிறுவனம் பிரிக்கப்பட்டதும் தடை நீங்கிற்று, யுனிக்ஸ் விலைப்பொருளாயிற்று.

உரிமை எவருடையது என்ற வினா 1992 இல் நீதிமன்றம் ஏறிற்று. 1994 இல் இணக்கம் ஏற்பட்டபோது, பேர்க்லிப் பதிப்பின் ஏறக்குறைய 18,000 கோப்புக்களில் நீக்கவேண்டியிருந்தவை மூன்றே. பழைய உடலில் எஞ்சியது எத்துணைச் சிறிது என்பதை அவ்வழக்கே காட்டிற்று.

இதற்கிடையில் பெயர் நிரலைப் பிரிந்தது. யுனிக்ஸ் என்னும் வாணிகக் குறி பொது நியமங்களை வகுக்கும் அமைப்பொன்றின் கைக்கு மாறிற்று. அந்நியமங்களுக்கு அமைந்து சான்று பெறுவதே யுனிக்ஸ் என்றாயிற்று. அப்பிள் நிறுவனத்தின் மக் முறைமை 2007 இல் அச்சான்றைப் பெற்றது. 1991 இல் பின்லாந்தின் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸோ, பழைய நிரலைக் கொள்ளாமல், அப்பெயரையும் சூடாமல், யுனிக்ஸின் ஒழுகலாறுகளையே தனதாக்கி உலகெங்கும் பரவிற்று.

அங்ஙனமாயின் நிலைத்தது யாது? சிறு கருவிகளை ஒன்றோடொன்று கோத்துப் பெருஞ்செயல் முடிக்கும் வழக்கமே அது. றிச்சி 2011 இல் மறைந்தார். ஆயினும் பெயர் தாங்கியதும் தாங்காததுமாகிய இவ்விரு முறைமைகளும், தொடக்ககால யுனிக்ஸ் வழக்கினையொட்டி, 1970 சனவரி முதலாந் திகதியிலிருந்தே இன்றும் வினாடிகளை எண்ணி வருகின்றன.