பிள்ளைக்குரிய பங்கு

கண்டியைச் சூழ்ந்த தோட்டப்புறப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம் ஒரு காட்சியை நன்கறிவோம். வகுப்பில் ஒரு பிள்ளையின் இடம் வெறுமையாகக் கிடக்கும். அன்று தாயுடன் நீதவான் நீதிமன்ற வாசலில் அது நின்றிருக்கும். மறுநாள் கேட்டால், "திரும்பவும் தவணை போட்டுட்டாங்க, சேர்" என்பதே விடை. அந்தத் தாய் கேட்கச் செல்வது தயவையா, உரிமையையா? விடை காணச் சட்டத்தின் வரலாற்றைச் சற்றே புரட்ட வேண்டும்.

இலங்கையில் 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டம், உழைக்க வல்லவன் மனைவி மக்களைக் கைவிட்டு அவர்கள் பிறர் கையை எதிர்பார்க்க நேர்ந்தால், அவனைச் சோம்பேறி என்று தண்டித்தது. ஊருக்குச் சுமை நேரலாகாது என்பதே அதன் கவலை. பிள்ளையின் பசி அதன் கண்ணிற் படவில்லை.

1889இல் இரண்டு கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. 13ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளரின் வேலையையும் கூலியையும் ஒழுங்கு செய்தது. 19ஆம் இலக்கச் சட்டம், கைவிட்ட தந்தையிடமிருந்து தாபரிப்புப் பணத்தை மாதந்தோறும் பெற வழி திறந்தது. ஆனால் அவ்வழியில் வேலிகளும் இருந்தன. திருமணத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளைக்காயின், பிறந்து பன்னிரண்டு மாதத்துள் வழக்கிட வேண்டும். அல்லது அக்காலத்துள் தந்தை ஏதேனும் கொடுத்திருக்க வேண்டும். தாயின் சொல் மட்டும் போதாது. அதற்கு வேறு சான்றின் துணையும் வேண்டும். பதிவில்லாத் திருமணங்கள் மலிந்திருந்த மலைநாட்டில், மணம் நடந்ததென்று மெய்ப்பிக்கும் பாரமும் பெண்ணின் தலைமீதே விழுந்தது. ஒரு நாட் கூலியை இழந்து பட்டணம் போக வேண்டியவளை இவ்வேலிகள் எவ்வளவு மறித்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

நூற்றுப் பத்தாண்டுகள் கழித்தே, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் பழையதை நீக்கியது. பன்னிரண்டு மாத வேலி அகன்றது. வசதியுள்ள பெற்றோர் எவராயினும், தாயோ தந்தையோ, பிள்ளையைப் பேணக் கடமைப்பட்டவரே. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையோடு, தன்னைத் தானே பேணவியலாத, இருபத்தைந்து வயதுக்குட்பட்ட வளர்ந்த பிள்ளையும் கேட்கலாம். கட்டளையை மீறுபவரின் சம்பளத்திலிருந்து பணத்தைப் பெறவும், தேவையாயின் அவரைச் சிறையிடவும் நீதவானுக்கு அதிகாரமுண்டு. நிலைமை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ மனுச் செய்யலாம். முஸ்லிம் பெற்றோருக்குக் காதி நீதிமன்றம் உண்டு.

ஆகவே, பெற்றோரே, தவணைக்குச் செல்கையில் பிறப்புச் சான்றிதழையும், திருமணச் சான்றிதழ் இருப்பின் அதனையும், பாடசாலைச் செலவு, மருந்துச் செலவு ஆகியவற்றின் பற்றுச்சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். மற்றவரின் தொழிலிடத்தை அறிந்து சொல்லுங்கள். தவணையைத் தவறவிடாதீர்கள். வழக்கு நடைபெறும் மொழி விளங்காதெனின் வாய்மூடி நிற்க வேண்டாம். அரசு செலவில் தமிழ் மொழிபெயர்ப்புப் பெற அரசியலமைப்பு உரிமை தருகிறது. சட்டத்தரணியை அமர்த்த வசதியில்லையெனின், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

1841இல் ஊரின் சுமையாக எண்ணப்பட்ட பிள்ளை இன்று சட்டத்தின் முன் பங்காளியாக நிற்கிறது. அந்தப் பங்கு அதன் தட்டிற் சோறாகவும் கையிற் புத்தகமாகவும் மாறும் நாளில், நம் வகுப்பில் அந்த இடமும் வெறுமையாகக் கிடக்காது.