எலும்புக்கு ஓய்வு, தசைக்குப் பளு: ஆறாத பின்தொடைக் காயம் குறித்து ஒரு வாதம்

காவேரிப்பாக்கம் தொடங்கி ஆம்பூர் வரையிலான பாலாற்றங்கரை ஊர்களில், தோல் தொழிற்சாலையை விட்டால் இளைஞர்கள் அதிகம் நம்புவது சீருடை வேலையைத்தான். வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே இன்னொரு பெயர் உண்டு. ஆள்சேர்ப்பு அறிவிப்பு வந்ததும் ஏரிக்கரைகளில் விடியற்கால ஓட்டம் தொடங்கிவிடும். தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நொண்டுபவர்களும் கூடவே வந்துவிடுவார்கள். இவர்களில் சிலருக்கு அந்த வலி மாதக்கணக்கில் இழுப்பது ஏன்? கிழிசலின் கடுமை பாதி விடைதான். எலும்பு முறிவுக்கு உரிய வைத்தியத்தைத் தசைக்குச் செய்வதுதான் மீதி என்பது என் வாதம்.

ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள புத்தூரின் கட்டு வைத்தியம் இப்பகுதியில் எல்லா வீட்டுக்கும் தெரிந்தது. முறிந்த எலும்பு அசையாமல் இருந்தால் கூடும். அந்த அனுபவத்தை அப்படியே தசைக்கும் பொருத்துகிறோம்: இறுக்கிக் கட்டு, எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு வழி, வலி போகும்வரை படு, போனதும் ஓடு. நாட்டு வைத்தியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ‘மூன்று வாரம் ஓய்வு’ என்பதோடு முடிந்துவிடும் மருத்துவச் சீட்டும் இதே தர்க்கத்தில்தான் எழுதப்படுகிறது.

வேக ஓட்டத்தில் கால் முன்னே வீசப்பட்டு, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வீசிய காலுக்குத் தடை போடுவது பின்தொடைத் தசைகளின் வேலை. நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டிய அந்த நொடியில்தான் இருதலைத் தொடைத்தசையின் நீண்ட தலை பெரும்பாலும் கிழிகிறது. படுத்திருக்கும் நாட்களில் வலி அடங்கும். நீண்ட நிலையில் பளு தாங்கும் திறனோ இன்னும் குறையும். வலியில்லாத, ஆனால் முன்னைவிட பலவீனமான தசையோடு முழு வேகத்தில் ஓடுபவர் மறுபடி கிழித்துக்கொள்கிறார். ‘ஆறாத காயம்’ என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நேரும் புதுக் காயம்.

சான்றுகள் இதற்கு வலுச் சேர்க்கின்றன. தொடை, கெண்டைக்கால் தசைக் காயமுற்ற 50 விளையாட்டு வீரர்களை வைத்து டென்மார்க்கில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், 2 நாளில் பயிற்சி தொடங்கியவர்கள் இடைநிலையளவில் 62.5 நாளில் விளையாட்டுக்குத் திரும்பினர்; 9 நாள் பொறுத்துத் தொடங்கியவர்களுக்கு 83 நாள் ஆயிற்று. சுவீடனில் கால்பந்து வீரர்களிடம் ஆய்வாளர் ஆஸ்க்லிங் நடத்திய ஆய்வில், தசையை நீட்டிய நிலையில் பளு கொடுக்கும் பயிற்சி 28 நாளும் வழக்கமான பயிற்சி 51 நாளும் எடுத்தன. ரத்தத்தட்டணுச் செறிவு ஊசி எதையும் விரைவுபடுத்தவில்லை என்று 2014-இல் நெதர்லாந்து ஆய்வு காட்டியது. ஊசிக்குக் காசு செலவழிக்கும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

வசதி குறைவு என்பதும் முழு விளக்கமாகாது. 2022 பிப்ரவரியில் பின்தொடைக் காயத்தால் இந்திய அணியிலிருந்து விலகிய கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தர், 2023 ஏப்ரலில் அதே வகைக் காயத்தால் ஐபிஎல் தொடரையும் இழந்தார். இயன்முறை மருத்துவர் உடனிருப்பவருக்கே இப்படி என்றால், தேர்வுத் தேதியைப் பார்த்து ஓடுபவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிப்பது பின்தொடைக்குப் பெரிய சோதனை அல்ல. அதற்குப் பின் வரும் 100 மீட்டர் ஓட்டமும் நீளந்தாண்டலும்தான் ஆபத்து. மெல்லோட்டம் வலிக்காததை வைத்துத் ‘தேறிவிட்டேன்’ என்று முடிவுகட்டுவது இங்கேதான் ஏமாற்றுகிறது.

நல்ல முன்னுதாரணம் அருகிலேயே இருக்கிறது. தொழுநோயால் மடங்கிய விரல்களுக்கு வேலூரில் 1940-களின் இறுதியில் தசைநாண் மாற்று அறுவை செய்யத் தொடங்கிய பால் பிராண்ட், அறுவைக்குப் பிந்தைய தசைப் பயிற்சியைச் சிகிச்சையின் பாதியாகவே கருதினார். 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-இல் அங்கே மறுவாழ்வு மருத்துவ நிலையம் உருவானது. அந்த மரபில் கேள்வி ‘எத்தனை நாள் ஆயிற்று?’ என்பதல்ல, ‘இப்போது என்ன செய்ய முடிகிறது?’ என்பதே. அது நம் ஊர் மைதானங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இந்த வாதத்துக்கு எல்லை உண்டு. ‘படீர்’ என்ற உணர்வோடு விழுந்து, தொடை முழுக்க ரத்தம் கட்டியிருந்தால் நாண் இடுப்பெலும்பிலிருந்தே பிய்ந்திருக்கலாம்; அதற்கு ஸ்கேனும் சில வேளை அறுவையும் தேவை, தாமதித்தால் கேடு. முதுகுத்தண்டிலிருந்து இறங்கும் நரம்பு வலியும் தொடைக் காயம்போல வேடம் போடும். மற்றபடி வேண்டியது அதிகமில்லை. மண்டியிட்டவரின் கணுக்கால்களை நண்பர் அழுத்திப் பிடிக்க, உடலை நேராக வைத்து மெல்ல மெல்ல முன்சாயும் நார்டிக் பயிற்சிக்குக் கருவியே வேண்டாம். 2011 டேனிஷ் கால்பந்து ஆய்வில் புதுக் காயங்களைவிட மறுகாயங்களையே அது அதிகம் குறைத்தது. ஆள்சேர்ப்புப் பயிற்சி மையங்கள் இதை முதல் வாரத்திலிருந்தே கற்றுத்தர வேண்டும். காயம்பட்டவர் இரு கால்களிலும் ஏறக்குறையச் சம பலம் காட்டும்வரை 100 மீட்டர் கோட்டில் நிற்க அனுமதிக்கக் கூடாது.